வளையத்தின் சுருக்கமும் தெளிவும்

கூறியது கூறலை நூற்குற்றங்களுள் ஒன்றாக வகுத்தார் நன்னூலார் பவணந்தி முனிவர். கணினிக்குச் செய்நிரல் எழுதுவோரும் அக்குற்றத்தை விலக்கவே முயல்கின்றனர். ஒரு கட்டளையை நூறு முறை எழுதாது, ஒருமுறை எழுதி நூறு முறை நிகழச் செய்யும் அமைப்பே ‘லூப்’ என வழங்கும் வளையமாகும். 1957இல் வெளிவந்த போர்ட்ரான் மொழியிலேயே இது இடம்பெற்றிருந்தது.

வளையத்தை எழுதும் முறைகள் பலவாம். கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில், 40 பேர் பறித்த கொழுந்தின் நிறையைப் பெயர்ப்பட்டியல்வழிக் கூட்டவேண்டும் எனக் கொள்வோம். எண் மாறியொன்றை அமைத்து, 1 முதல் 40 வரை எண்ணிச் செல்லுதல் ஒரு முறை. ‘பட்டியலிலுள்ள ஒவ்வொருவர் நிறையையும் கூட்டுக’ என்பது மற்றொரு முறை.

சில மொழிகள் சுழியத்திலிருந்தும் சில ஒன்றிலிருந்தும் எண்ணுதலின், முன்னைய முறையில் எல்லை தவறுதல் எளிது. 1இல் தொடங்கி, ‘40க்குக் குறைவாக உள்ளவரை’ என எழுதிவிடின், 39 பேரோடு கணக்கு நின்றுவிடும். கணினி அதனைப் பிழையென்று கூறாது. கடைசிப் பெயருக்குரிய பெண்ணின் ஒருநாள் உழைப்பு மட்டும் ஏட்டில் ஏறாது. பின்னைய முறையில் எல்லையை எழுதவேண்டியதே இல்லை. ஆகலின் அப்பிழைக்கு இடமுமில்லை.

எனினும், சுருக்கம் ஒன்றையே நாடின் குன்றக் கூறல் என்னும் குற்றம் நேரும். பைதன் மொழியில், பட்டியலொன்றை ஆக்கும் வளையத்தை ஒரே வரியில் அடக்கும் வசதி 2000ஆம் ஆண்டில் வந்தது. ஒரு செயலும் ஒரு நிபந்தனையுமாயின் அவ்வரி அழகுடையதே. வளையத்துள் வளையமும் நிபந்தனைமேல் நிபந்தனையும் அதனுள் திணிக்கப்படின், எழுதியவர்க்கே அது பின்னர் விளங்காது. அதனைப் பல வரிகளாக விரித்தலே முறை. வேலைக்கு வராதோரை வளையத்தின் தொடக்கத்திலேயே விலக்கிவிடின், எஞ்சிய வரிகள் சிக்கலின்றி அமையும்.

முத்தையா அண்ணாமலை ஆக்கிய ‘எழில்’ என்னும் தமிழ்ச் செய்நிரல் மொழி இங்கு நோக்கத்தக்கது. அதில் நிபந்தனை முன்னும் ‘வரை’ என்னும் சொல் பின்னுமாக வருவது தமிழ்த் தொடரின் இயல்புக்கு ஒத்ததாகும். ‘முடி’ என்னும் சொல் வளையத்தின் எல்லையைப் படிப்போர்க்கு ஐயமறக் காட்டுகின்றது.

நூலின் பத்து அழகுகளுள் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்த நன்னூலார், விளங்கவைத்தலை அதனை அடுத்தே வைத்தார். செய்நிரலை இயக்குவது கணினியாயினும், அதனைப் படித்துப் பிழை காண்பவர் மனிதரே. அவர் காணத்தக்கவாறு எழுதப்பட்ட வளையமே அந்தப் பெண்ணின் கூலியைக் காக்கும்.