மலைச்சரிவில் தளப் பரப்புக் குறியீடு

ஒரு மனையில் எழும் எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி, மனையின் பரப்பால் வகுத்தால் கிடைப்பதே தளப் பரப்புக் குறியீடு. பத்து சென்ட் மனை என்பது 4,356 சதுர அடி. குறியீடு 2 எனில் 8,712 சதுர அடி வரை கட்டலாம். பாதி மனையைத் திறந்தவெளியாக விட்டு நான்கு தளங்களாகவும் உயர்த்தலாம். கட்டடத்தின் வடிவத்தை உரிமையாளரிடம் விட்டு, அடர்த்தியை மட்டும் அரசு வரையறுக்கும் ஏற்பாடு இது.

எனினும், தளத்தின் அடர்த்தி வேறு, மக்களின் அடர்த்தி வேறு. மும்பையின் தீவுப் பகுதிக்கு 1991ஆம் ஆண்டு விதிகள் 1.33 என வரம்பிட்டன. அதனால் நகரின் நெரிசல் தீரவில்லை; ஒருவருக்குக் கிடைக்கும் இடந்தான் குறுகியது. தமிழ்நாடு 2019இல் சாதாரணக் கட்டடங்களுக்கு 2 என்றும், அகலமான சாலையையொட்டிய உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25 வரை என்றும் வகுத்தது. எண்ணைச் சாலையோடு பிணைத்த இம்முறையே அறிவுக்குப் பொருத்தமானது.

சமநிலத்தில் சாலை எதுவோ, மலையில் சரிவு அது. இடுக்கி மாவட்டத்தில் மூணாறை அடுத்த சித்திரபுரத்தை நோக்குவோம். 1940இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் திட்டத்தோடு வளர்ந்த ஊர் இது. இன்று இவ்வட்டாரத்தில் கட்டடங்களைப் பெருக்குவது குடியிருப்போரின் தேவையன்று, விடுதி அறைகளின் தேவையே. சாலையிலிருந்து காண இரண்டு தளம். பள்ளத்திலிருந்து அண்ணாந்தால் ஐந்து! வாகனம் நிறுத்தும் நிலவறையைப் பல ஊர்களின் விதிகள் கணக்கில் சேர்ப்பதில்லை. சரிவில் எது நிலவறை, எது தளம்? சமநிலத்துக்கு வகுத்த எண் இக்கேள்விக்கு விடை தராது.

இன்னொரு குறையும் உண்டு. குறியீடு ஒன்றேயாயினும், அடிவாரம் அமைக்க வெட்டப்படும் மண்ணின் அளவு சரிவுக்கேற்பக் கூடும். மண்ணை வெட்டிய இடத்தில் மழைநீர் வழி மாறினால், கேடு கீழ்மனைக்காரருக்கே. 2018 ஆகஸ்ட் பெருமழையில் பள்ளிவாசல் பகுதியில் மண் சரிந்து, சுற்றுலாப் பயணிகள் விடுதியில் சிக்கிக்கொண்டதை வாசகர்கள் நினைவுகூரலாம்.

மூணாறு வட்டாரத்தில் கட்டடம் எழுப்ப வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2010இல் பணித்தது. சான்று நிலத்தின் உரிமையைச் சோதிக்கும். சரிவின் தாங்குதிறனைச் சோதிப்பது வேறு பணி. சரிவு மிக மிகக் குறியீடு குறையவேண்டும்; தளங்களைப் பள்ளத்தின் அடியிலிருந்தே எண்ணவேண்டும். ஐந்து சென்ட்டில் வீடு கட்டும் தொழிலாளிக்கும் ஐம்பது அறை விடுதிக்கும் ஒரே எண்ணை விதிப்பது சமநீதியும் ஆகாது. முன்னவருக்குத் தனி வரம்பு வகுத்தபின் பின்னவரின் வரம்பை இறுக்குவதே முறை.