இன்கோனெல் 718

இன்கோனெல் 718 என்பது நிக்கலை முதன்மையாகக் கொண்ட ஒரு சூப்பர் அலாய், அதாவது மீக்கலப்புலோகம் ஆகும். ஜெட் எஞ்சின்களின் சுழலும் வட்டுகள், ராக்கெட் எஞ்சின்களின் பம்புகள், எண்ணெய்க் கிணற்றுக் கருவிகள் போன்றவை இதில் செய்யப்படுகின்றன. ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸ் வரை இது தன் வலிமையைப் பெரிதும் இழப்பதில்லை. கட்டடங்களில் பயன்படும் சாதாரண எஃகு அந்த வெப்பத்தில் மங்கலான சிவப்பாக ஒளிர்ந்து, பாதிக்கு மேல் வலிமையை இழந்திருக்கும்.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்து ஹண்டிங்டனில், இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஐசல்ஸ்டைன் இதை உருவாக்கினார். அனல்மின் நிலையங்களின் உயர் அழுத்த நீராவிக் குழாய்களுக்காக நடந்த ஆய்வில் பிறந்த உலோகம் இது. பெயர் வாங்கியதோ விமானத்தில். இந்தியாவில் ஹைதராபாத்தில் உள்ள மிதானி நிறுவனம் இதே வகையைச் 'சூப்பர்நி 718' என்ற பெயரில் தயாரிக்கிறது.

கலவையும் வலிமையும்

எடைப்படி நிக்கல் 50 முதல் 55 விழுக்காடு, குரோமியம் 17 முதல் 21, நையோபியம் ஏறத்தாழ 5, மாலிப்டினம் 3, டைட்டானியம் 1, அலுமினியம் அரை விழுக்காடு; மீதம் பெரும்பாலும் இரும்பு. குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கி அரிப்பைத் தடுக்கிறது. வலிமைக்கு முக்கியக் காரணம் அளவில் சிறியதான நையோபியம்.

ஓர் உலோகம் நிரந்தரமாக வளைகிறது என்றால், அதன் படிகத்துக்குள் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன என்று பொருள். அந்த வழுக்கலுக்கு இடையூறு வைத்தால் உலோகம் வலுப்பெறும். 718-இல் மூன்று நிக்கல் அணுவுக்கு ஒரு நையோபியம் அணு என்ற விகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்தட்டுகள் வீழ்படிகின்றன. இவற்றுக்குக் 'காமா இரட்டை பிரைம்' என்று பெயர். இத்தட்டுகளின் அலகுக்கூடு சுற்றியுள்ள உலோகத்தின் கூட்டோடு ஒட்டிக்கொண்டாலும், அளவில் முழுதும் பொருந்துவதில்லை. பொருந்தாமையால் சுற்றிலும் ஏற்படும் திரிபுதான் வழுக்கலைத் தடுக்கிறது. அறை வெப்பநிலையில் நிரந்தர வளைவு தொடங்கத் தேவைப்படும் தகைவு சுமார் 1,030 மெகாபாஸ்கல். 650 டிகிரியிலும் ஏறத்தாழ 860. மென் எஃகுக்கு இது அறை வெப்பநிலையிலேயே 250 அளவுதான்.

மெதுவாக இறுகுவதன் நன்மை

பாடநூல்கள் இந்த வலிமையைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. என் கணிப்பில், 718 மற்றவற்றை முந்தியதற்கு அதன் நிதானமே காரணம். 718-க்கு முன்பிருந்த ரெனே 41, வாஸ்பலாய் போன்ற உலோகங்களில் டைட்டானியமும் அலுமினியமும் சேர்ந்த 'காமா பிரைம்' துகள்கள் வலிமை தந்தன. அவை மிக விரைவாக உருவாகும். பற்றவைத்த பாகத்தை மீண்டும் சூடேற்றும்போது, உள்ளே தேங்கிய தகைவு தளர்வதற்கு முன்பே உலோகம் இறுகிவிடும். இணைப்பின் அருகே விரிசல் விழும். நையோபியம் அணுக்கள் மெதுவாக நகர்பவை. ஆகவே 718 இறுகுவதற்குள் தகைவு தளர்ந்துவிடுகிறது. வெல்டிங் செய்ய முடிகிற உயர்வலிமை உலோகம் கிடைத்ததும் எஞ்சின் வடிவமைப்பாளர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள்.

இதனால் வெப்பப் பதனம் நீண்ட நேரம் எடுக்கும். முதலில் சுமார் 980 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துக் குளிர்விப்பர். பிறகு 720 டிகிரியில் 8 மணி நேரம்; அங்கிருந்து உலையிலேயே 620 டிகிரிக்கு இறக்கி, முதிர்வூட்டல் மொத்தம் 18 மணி நேரம் ஆகும்வரை வைத்திருப்பர். 650 டிகிரிக்கு மேல் நீண்ட காலம் பயன்படுத்தினால் நுண்தட்டுகள் பருத்து, 'டெல்டா' என்னும் வேறு கட்டமாக மாறத் தொடங்கும், வலிமை குறையும். அதனால்தான் எஞ்சினின் மிகச் சூடான டர்பைன் இதழ்களை வேறு உலோகங்களில் செய்கிறார்கள். ஆனால் டெல்டா முழுக்கத் தீயதன்று. காய்ச்சி அடித்து உருவாக்கும்போது சிறிதளவு டெல்டா இருந்தால், படிகமணிகள் பெருத்துவிடாமல் பிடித்து வைக்கும்.

உருக்குவதில் உள்ள ஆபத்து

குச்சி ஐஸை உறிஞ்சிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: சாயமும் இனிப்பும் விரைவில் போய், வெறும் பனிக்கட்டி நிற்கும். நீர் உறையும்போது கரைந்திருப்பவற்றை ஒதுக்கித் தள்ளுகிறது. 718 உறையும்போதும் நையோபியம் இவ்வாறே கடைசித் திரவத்துக்குத் தள்ளப்படுகிறது. கட்டி பெரிதாகவும் குளிர்வு மெதுவாகவும் இருந்தால், நையோபியம் மிகுந்த புள்ளிகளும் 'லாவெஸ்' எனப்படும் நொறுங்கும் கட்டமும் உள்ளே தங்கிவிடும். எனவே உயர்தர வட்டுகளுக்கு உலோகத்தை மூன்று முறை உருக்குவர்: முதலில் வெற்றிடத் தூண்டல் உலை, அடுத்துக் கசடு வழியே மின்சாரம் செலுத்தி உருக்குதல், கடைசியாக வெற்றிட மின்வில் உலை.

கடைசி உருக்கலிலும் ஓர் இடர் உண்டு. ஓரத்தில் ஒட்டியிருக்கும் துணுக்கு ஒன்று உருகிய குளத்தில் விழுந்து முழுதும் கரையாவிட்டால், அந்த இடத்தில் நையோபியம் குறைந்த 'வெண்புள்ளி' உருவாகும். ஆக்சைடு அழுக்கும் அதனுடன் சேர்ந்தால் விரிசலுக்கு அது விதையாகும். 2016 அக்டோபர் 28 அன்று சிகாகோ ஓ'ஹேர் நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 767 ஒன்று மேலெழ ஓடிக்கொண்டிருந்தபோது, வலப்பக்க எஞ்சினின் 718 வட்டு உடைந்து தெறித்தது. ஒரு துண்டு 850 மீட்டருக்கும் அப்பால் இருந்த சரக்குக் கிடங்கின் கூரையைத் துளைத்தது. விமானம் தீப்பற்றியது, உள்ளே இருந்த 170 பேரும் உயிருடன் வெளியேறினர். காரணம் இத்தகைய அழுக்கு வெண்புள்ளி என்றும், வட்டு செய்யப்பட்ட காலத்துச் சோதனைகளில் அது தென்பட்டிருக்க வாய்ப்பில்லை என்றும் விசாரணை வாரியம் முடிவு செய்தது. அதன் பிறகு இவ்வகை எஞ்சின்களின் வட்டுகளுக்கு மீயொலிச் சோதனை கட்டாயமாயிற்று.

கடைசலும் முப்பரிமாண அச்சும்

லேத்தில் 718-ஐப் பிடித்தவர்கள் அதைப் புகழ மாட்டார்கள். வெட்ட வெட்ட மேற்பரப்பு இன்னும் கடினமாகும். வெப்பங்கடத்துத் திறன் மீட்டருக்கு, கெல்வினுக்குச் சுமார் 11 வாட்தான். மென் எஃகில் அது 50 அளவு. ஆகவே சூடு உளிமுனையிலேயே தேங்கும். கார்பைடு முனையால் நிமிடத்துக்கு 20 முதல் 40 மீட்டர் வேகம் என்பதே வழக்கம். முனையை ஒரே இடத்தில் உரச விடக் கூடாது.

இப்போது 718 தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கிப் பாகங்களை அச்சிடுகிறார்கள். பற்றவைப்புக்கு ஒத்துப்போகும் அதே குணம் இங்கும் உதவுகிறது. உருகும் குளம் மிகச் சிறிது, உறைவது நொடியின் சிறு பகுதிக்குள். எனவே பெரிய கட்டியில் வரும் நையோபியப் புள்ளிகள் இதில் வருவதில்லை. நையோபியம் ஒதுங்குவது மட்டும் நின்றுவிடவில்லை. அது நுண்ணிய அளவில் நடக்கிறது. லாவெஸ் கட்டம் இங்கும் தோன்றும். அதைக் கரைக்க 980 டிகிரி போதாமல், அச்சிட்ட பாகங்களை அதைவிட உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்துகின்றனர்.