ஓடாமலே உழைத்த வண்டி

இங்கிலாந்தில் தீயணைப்பு வண்டி என்றால் டென்னிஸ் என்ற பெயரைத் தவிர்க்க முடியாது. கில்ட்ஃபர்டில் சைக்கிள் செய்து தொழில் தொடங்கிய இந்த நிறுவனம், 1908-ல் பிராட்ஃபர்டு தீயணைப்புப் படைக்குத் தன் முதல் வண்டியைக் கொடுத்தது. 1950-களில் வந்த அதன் எஃப்-12 ரகத்துக்குப் பழைய வாகனப் பிரியர்களிடம் இன்றும் மவுசு உண்டு. பழுதாகிக் கொட்டகையில் முடங்கிக் கிடந்தாலும் விலைகேட்டு ஆள் வருவார்கள்.

வருகிறவர் மைல் கணக்கை நம்பினால் ஏமாந்தார். பெரும்பாலான நாள் நிலையத்திலேயே நின்ற வண்டி; ஓடிய தூரம் குறைவுதான். ஆனால் தீப்பிடித்த இடத்தில் நின்றபடியே, பம்ப்பைச் சுற்றுவதற்காக என்ஜின் மணிக்கணக்கில் மூச்சுமுட்ட உழைத்திருக்கும். அந்த உழைப்பு மீட்டரில் ஏறாது.

இத்தனைக்கும் என்ஜினைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அது ரோல்ஸ்ராய்ஸ் பி-80. எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் பெட்ரோல் என்ஜின். இதே ரகத்தைப் பிரிட்டிஷ் ராணுவம் சாரசென் கவச வண்டியிலும் பொருத்தியது. அதனால் ராணுவம் கழித்துப்போட்ட உதிரிபாகங்களைத் தேடிப் பிடிக்கலாம்.

மரம்தான் செலவு வைக்கும். அக்காலத்து வண்டிக் கூடுகள் பெரும்பாலும் ஆஷ் மரச் சட்டத்தில் தகடு அடித்துச் செய்தவை. இடுக்கில் இறங்கிய மழைநீர் சட்டத்தை உள்ளிருந்தே உளுக்க வைக்கும். மேலே சிவப்புப் பெயின்ட் பளபளவென்று இருக்கும். கதவைப் பாதி திறந்து, விளிம்பைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். கீலோடு சேர்ந்து தூணும் ஆடினால் தச்சருக்கு நிறைய வேலை இருக்கிறது.

அடுத்தது பம்ப். கிணற்று மோட்டாரில் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றுகிறோமே, அதேபோல இதிலும் முதலில் காற்றை எடுத்தாக வேண்டும். அதற்கென்றே வண்டியில் தனிக் கருவி உண்டு. காற்று முழுவதும் போனாலும், கணக்குப்படி சுமார் 10 மீட்டர் ஆழத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்ச முடியாது. நடைமுறையில் ஏழெட்டு மீட்டர்தான். எங்காவது கசிந்தால் அதுவும் கிடையாது.

கசிவைக் கண்டுபிடிக்கத் தண்ணீரே வேண்டாம். எல்லா வாய்களையும் மூடிக் காற்றை உறிஞ்சிவிட்டு, அளவுமானியைக் கவனித்தால் போதும். முள் அசையாமல் நின்றால் பம்ப் நல்ல நிலையில் இருக்கிறது. மளமளவென்று இறங்கினால் சீல்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.