எல்லா ஆப்புக்கும் ஒரே பாஸ்வேர்டா? சிக்கலே அங்கதான்!

ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்கின் ட்விட்டர், பின்ட்ரெஸ்ட் கணக்குகள் 2016 ஜூனில் ஹேக் செய்யப்பட்டன. லிங்க்ட்இன் தளத்திலிருந்து 2012-ல் திருடுபோன தகவல்களில் அவருடைய பாஸ்வேர்டு கிடைத்ததாக ஹேக் செய்த குழு சொன்னது. பாஸ்வேர்டு என்ன தெரியுமா? 'டாடாடா'!

'என் பாஸ்வேர்டை யார் உட்கார்ந்து யூகிக்கப் போறாங்க?' என்று கேட்பவர்களுக்கு இதில்தான் பதில் இருக்கிறது. யாரும் யூகிப்பதில்லை. ஏற்கெனவே கசிந்ததை எடுத்து வேறு இடத்தில் போட்டுப் பார்க்கிறார்கள்.

எப்படி நடக்குது?

எப்போதோ தள்ளுபடிக்காக ஒரு ஷாப்பிங் தளத்தில் கணக்கு தொடங்கியிருப்பீர்கள். அங்கிருந்து மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கசிந்தால், அந்த ஜோடியை இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஜிமெயில் என வரிசையாகப் போட்டுப் பார்க்கும் வேலையை மென்பொருளே செய்துவிடும். இதற்குப் பெயர் 'கிரெடென்ஷியல் ஸ்டஃபிங்'.

2009-ல் ராக்யூ என்ற தளத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன. அவற்றை அந்தத் தளம் அப்படியே எழுத்து வடிவில் சேமித்து வைத்திருந்தது. '123456' வைத்தவரும் மாட்டினார். கஷ்டப்பட்டு யோசித்து வைத்தவரும் மாட்டினார்.

அப்போ எதுதான் வலுவானது?

நீளமானது. 'ஏ' எழுத்துக்குப் பதில் '@' போடுவது, பெயருடன் பிறந்த வருஷத்தைச் சேர்ப்பது எல்லாம் ஹேக்கிங் மென்பொருளுக்கு அத்துப்படி.

ஆங்கிலச் சிறிய எழுத்துகள் எட்டை வைத்து சுமார் 20,800 கோடி பாஸ்வேர்டுகள் அமைக்கலாம். 7,776 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் நான்கு சொற்களை எடுத்தால், சுமார் 36 கோடி கோடி! அதனால் 'குடை-புளி-ஜன்னல்-நண்டு' மாதிரி சம்பந்தமே இல்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்யலாம். (இதையே வெச்சுடாதீங்க!) பாட்டு வரி, சினிமா வசனம் வேண்டாம்.

மாசாமாசம் மாற்றணுமா? தேவையில்லை. அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான 'நிஸ்ட்' 2017-லேயே அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. கசிந்தது தெரிந்தால் உடனே மாற்றினால் போதும்.

இத்தனையும் எப்படி ஞாபகம் வெச்சுக்கறது?

வேண்டாம். கூகுள், ஆப்பிள் இரண்டிலும் பாஸ்வேர்டு மேனேஜர் வசதி இருக்கிறது. ஒவ்வொரு கணக்குக்கும் தனி பாஸ்வேர்டை அதுவே உருவாக்கி, சேமித்து வைக்கும். நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது போன் லாக்கையும் மெயில் பாஸ்வேர்டையும்தான். 'ஃபர்காட் பாஸ்வேர்டு' கொடுத்தால் லிங்க் மெயிலுக்குத்தான் வரும். மெயில் போனால் எல்லாமே போச்சு.

இன்னிக்கே செய்ய வேண்டியவை

• முதலில் மெயில், அடுத்து சோஷியல் மீடியா கணக்குகளுக்குத் தனித்தனி பாஸ்வேர்டு வையுங்கள்.

• 'டூ-ஃபேக்டர்' வசதியை ஆன் செய்யுங்கள். எஸ்எம்எஸ் ஓடிபியைவிட ஆத்தென்டிகேட்டர் ஆப் பாதுகாப்பானது.

• வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுன்ட் பகுதிக்குப் போய் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' மூலம் 6 இலக்க பின் வையுங்கள்.

• 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் மெயில் ஐடி கசிந்திருக்கிறதா எனப் பாருங்கள்.

'மச்சி, உனக்கு ஒரு கோடு வந்திருக்கும், அனுப்பு' என்று நண்பரின் கணக்கிலிருந்தே மெசேஜ் வரலாம். அனுப்பாதீர்கள், அவருக்கு போன் போட்டுக் கேளுங்கள். அவருடைய கணக்கே ஹேக் ஆகியிருக்கலாம். அடுத்து உங்கள் பெயரில் உங்கள் நண்பர்களிடம் பணம் கேட்பார்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.