நின்றால் சூடாகிறதா, ஓடினால் சூடாகிறதா?

கடந்த மே மாதம் திருச்சியிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, சுங்கச்சாவடி வரிசையில் என் காரின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டை நோக்கி நகர்ந்தது. பின்னிருக்கையில், கண் அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து நாள்கள்கூட ஆகாத என் மனைவி. வரிசையைக் கடந்து வேகமெடுத்ததும் முள் தானாகவே இறங்கியது. சரியாகிவிட்டது என்று எண்ணி ஓட்டினேன். தாம்பரத்தை நெருங்கும்போது நெரிசலில் மீண்டும் ஏறியது. இம்முறை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தினேன்.

உதவிக்கு வந்த ஒருவர் தண்ணீர் பாட்டிலுடன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். நல்லவேளையாக அவரைத் தடுத்தேன். குளிர்விப்பு அமைப்பு அழுத்தத்துடன் மூடப்பட்ட ஒன்று. அந்த அழுத்தத்தால் உள்ளிருக்கும் நீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் நீங்கி, அத்தனையும் கொதித்து முகத்தில் பாயும். சூடான என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கவும் கூடும். அரைமணி நேரமாவது காத்திருப்பதே வழி. நிறுத்த இடமில்லாத நெரிசல் என்றால், ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழு அளவில் வைக்கலாம். மே மாதத்தில் அது தண்டனைதான். ஆனால் என்ஜினின் வெப்பத்தில் ஒரு பகுதியை அது வெளியேற்றும்.

மறுநாள் ஒரு பணிமனையில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும், 42,000 ரூபாய் ஆகும் என்றார்கள். தலையசைக்க இருந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சீர்குலைகிறது என்பதை, பழைய கார் விற்பனையை உதாரணமாகக் கொண்டு ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரையைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். மூன்று ஆய்விதழ்கள் திருப்பியனுப்பிய அந்தக் கட்டுரைக்காகவே பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழுது பார்க்கும் தொழிலில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. நோய் இன்னதென்று சொல்பவரே மருந்தையும் விற்கிறார். அந்தப் பணிமனை ஏமாற்றியது என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே அவர்கள் அப்படி நம்பியிருக்கலாம். ஆனால் சோதனை எதையும் செய்யவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். எங்கள் தெருமுனையில் சிறிய கொட்டகையில் தொழில் செய்யும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்ட கேள்வி: "நிக்கும்போது ஏறுதா, ஓடும்போது ஏறுதா சார்?"

அந்தக் கேள்வியில்தான் பாதி விடை இருந்தது. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, குளிர்விப்பு நீரின் வழியே வெளியேற வேண்டிய வெப்பமாகிறது. வாட்டர் பம்ப் அந்த நீரைச் சுழற்றுகிறது. ரேடியேட்டர் அதைக் காற்றில் ஆற்றுகிறது. கார் ஓடும்போது எதிர்காற்றே போதும். நிற்கும்போது மின்விசிறி சுழன்றாக வேண்டும். ஆகவே, நெரிசலில் ஏறி நெடுஞ்சாலையில் இறங்கினால் முதல் ஐயம் மின்விசிறியின் மீது. மாறாக, வேகமாகச் செல்லும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, நீர்க்குறைவு, பம்ப் பழுது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் ஏறி, ரேடியேட்டரின் கீழ்க்குழாய் மட்டும் குளிர்ந்தே இருந்தால், நீரை வழிவிடும் தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கக்கூடும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், என்ஜின் ஆறியபின் நீர்மட்டத்தைப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடச் சொன்னார். பெரும்பாலான கார்களில் அப்போது ரேடியேட்டர் விசிறி சுழல வேண்டும். சுழலவில்லை. சுங்கச்சாவடியில் ஏசியின் குளிர் குறைந்ததாக என் மனைவி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெயில் என்று அலட்சியப்படுத்தியிருந்தேன். விசிறிக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்தார். சுழன்றது. ஃபியூஸும் சரியாகவே இருந்தது. பழுது, ரிலே எனப்படும் தீப்பெட்டியளவுகூட இல்லாத பொருளில்.

என் பங்குக்கும் ஒரு குற்றம் வெளிப்பட்டது. கூலண்ட் குறையும்போதெல்லாம் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி வந்திருந்தேன். ரேடியேட்டரிலிருந்து காவிநிறத்தில் சேற்று நீர் வந்தது. சென்னையின் உப்பு நீர் பாத்திரத்தில் படிவதுபோலவே அங்கும் படியும். கழுவி, கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்து நிரப்பினார். ரிலே, கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய்.

ஹெட் கேஸ்கெட் பற்றிக் கேட்டேன். அது போயிருந்தால் கசிவு எதுவும் தெரியாமலே நீர் குறையும். புகைக்குழாயில் வெண்புகை விடாது வரும். என்ஜின் ஆயில் பால் கலந்த தேநீர் போலாகும். இதை உறுதி செய்ய, எரிந்த வாயு கலந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் ஒரு திரவத்தைக் கொண்டு செய்யும் எளிய சோதனையும் உண்டு. இவற்றில் ஒன்றையாவது காட்டாமல் என்ஜினைப் பிரிக்க எவரும் சொன்னால், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேட்கும் உரிமை பணம் கொடுப்பவருக்கு இருக்கிறது. அந்தக் கேள்வியை நான் முதல் பணிமனையில் கேட்கவில்லை.

"இன்னும் அஞ்சு கிலோமீட்டர் சிவப்புல ஓட்டியிருந்தீங்கன்னா அவங்க சொன்னது உண்மையாயிருக்கும் சார்" என்றார் மெக்கானிக். அலுமினிய சிலிண்டர் ஹெட் அதிக வெப்பத்தில் வளைந்துவிடும். தாம்பரத்திலிருந்து எங்கள் வீடு ஏழு கிலோமீட்டர்.