குட்டி சுமக்கும் கங்காரு, கன்று சுமக்கும் சுரபுன்னை

சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் போனால் பிச்சாவரம் அலையாத்திக் காடு. படகு கால்வாய்க்குள் நுழைந்ததும், சுரபுன்னைக் கிளைகளில் முருங்கைக்காய் போலப் பச்சையாகச் சில தொங்குவதைக் காணலாம். காய்கள் என்று நினைத்துப் பலரும் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் அவை முளைவிட்ட கன்றுகள். பிள்ளையை உடம்போடு வைத்து வளர்த்து, பிழைக்கும் வலு வந்தபின் இறக்கிவிடுவதில் இந்த மரத்துக்கு விலங்குலகத்தில் ஓர் உறவு உண்டென்றால், அது ஆஸ்திரேலியாவின் கங்காருதான்.

வறண்ட நிலத்துத் தாய்

செங்கங்காருவின் கர்ப்பகாலம் சுமார் 33 நாட்கள். பிறக்கும் குட்டியின் எடை ஒரு கிராம்கூட இருக்காது. கண் திறக்காத அந்தச் சிசு, தாயின் ரோமத்தைப் பற்றித் தானே ஊர்ந்து பைக்குள் போய், காம்பைக் கவ்விக்கொள்கிறது. முழுதாக வெளியேற ஏறக்குறைய எட்டு மாதமாகும். அதில் பெரும்பகுதிக் காலம் அடுத்த கரு வளராமல் தாயின் வயிற்றில் காத்திருக்கும். பைக்குள் சின்னக் குட்டியும் வெளியே மூத்த குட்டியும் இருந்தால், இருவருக்கும் வெவ்வேறு காம்பில் வெவ்வேறு வகைப் பால் சுரக்கும். கடும் வறட்சியில் இனப்பெருக்கமே நின்றுபோகும்.

பகல் வெயிலில் கூட்டமாக நிழலில் படுத்திருக்கும். முன்னங்கைகளை நக்கி ஈரமாக்கி, உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பொழுது சாய்ந்தபின்தான் மேய்ச்சல். புல்லும் நீரும் தேடி நெடுந்தூரம் போகவேண்டிய வாழ்க்கை அது. பின்னங்காலின் தசைநாண்கள் ஒவ்வொரு குதிப்பிலும் ஆற்றலைச் சேமித்து அடுத்த தாவலுக்குத் தருவதால், வேகம் கூடினாலும் களைப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

உப்புச் சேற்றுத் தாய்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள பிச்சாவரத்தின் சிக்கல் வேறு. சேற்றில் உப்பு அதிகம், காற்றோட்டம் குறைவு. அலையேற்றம் விதையை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைக்கிறது. தாய்மரத்தின் சத்தைக் குடித்து ஓரடிக்கு மேலும் நீள்கிறது. முற்றியதும் விழுந்து சேற்றில் ஊன்றும். இல்லாவிட்டால் மிதந்துபோய், கரை தட்டிய இடத்தில் வேர்விடும்.

இடம் கெட்டால் எதுவும் இல்லை

2022 ஏப்ரலில் மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் சாலையோரம் கங்காருக்கள் காயத்தோடு அலைந்தன. வனத்துறையினர் அவற்றை மீட்டார்கள். யாரோ கடத்திக் கொண்டுவந்து கைவிட்டுப் போனார்கள் என்பதே சந்தேகம். வறட்சியையே வெல்லும் உயிர், தன் மண்ணை விட்டுப் பிரித்ததும் நிராதரவானது.

மண்ணிலேயே இருந்தும் வாடியது பிச்சாவரக் காடு. ஒரு காலத்தில் பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்ட தரை வறண்டு தாழ்ந்தது; ஏறிவந்த கடல்நீர் வடியாமல் தேங்கி, உப்பு கூடியது. கன்றுகள் பிழைக்கவில்லை. பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை, கிராம மக்கள் மூவரும் சேர்ந்து, நீர் வந்துபோகக் கால்வாய்கள் வெட்டிக் கன்று நட்டார்கள். காடு மீண்டது. 2004 சுனாமியில் தனக்குப் பின்னால் இருந்த கிராமங்களுக்கு அந்தக் காடே அரணாக நின்றது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

உயிர்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியும். நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றின் இடத்தைக் கெடுக்காமல் விட்டால் போதும். பிச்சாவரம் போகிறவர்கள் தொங்கும் கன்றைப் பறிக்காதீர்கள். கால்வாயில் பிளாஸ்டிக்கை எறியாதீர்கள். அயல்நாட்டு விலங்கை வீட்டில் வளர்க்க வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.