கேரளத்துக்குக் கோப்பை தந்த தஞ்சாவூர்க்காரர்

தஞ்சாவூர் என்றால் நெல்லும் சங்கீதமும் நினைவுக்கு வரும். கால்பந்து வருமா? சைமன் சுந்தரராஜ் பிறந்தது அங்கேதான்.

கேரளத்தாருக்குக் கால்பந்து என்றால் உயிர். ஆனாலும் சந்தோஷ் கோப்பை நெடுநாள் அவர்கள் கைக்கு எட்டவில்லை. 1973-ல் அந்த அணிக்குச் சுந்தரராஜ் பயிற்சியாளர். எர்ணாகுளத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியை 3-2 என்று தோற்கடித்து, கேரளம் முதன்முதலாகக் கோப்பையை வென்றது. மூன்று கோல்களையும் போட்டவர் காப்டன் மணி. ஊரெல்லாம் அவர் பேச்சு, நியாயந்தான். கோட்டுக்கு வெளியே நிற்கிறவரை யார் கவனிக்கிறார்கள்?

சுந்தரராஜுக்கும் ஒரு குரு உண்டு: ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராயிருந்த ரஹீம். அவர் பயிற்றிய இந்திய அணியோடு 1960-ல் ரோம் ஒலிம்பிக்குக்குப் போனார். பெரு நாட்டிடம் 3-1 என்று தோல்வி. அந்த ஒரு கோல், ஆட்டம் முடியும் தறுவாயில் சுந்தரராஜ் போட்டது. அதற்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் ஆட இந்திய அணி தகுதி பெறவே இல்லை.